இரண்டாவது பிரதி

பத்திரிகைத் தொழிலில் நான் நுழைந்தபோது எனக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம், எதை எழுதினாலும் அதற்கொரு கார்பன் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதாகும். மூலப்பிரதி அச்சுக்கோப்பாளரிடம் போய்விடும், திரும்பி வராது. நாளை வழக்கு என்று ஒன்று வந்தால், மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்தக் கார்பன் பிரதிதான் துணைக்கு வரும். அப்பாடத்தை முதுமையில் நான் மறந்த கதை இது.

ஓய்வுபெற்ற பின்னர் பல்கலைக்கழகமொன்றில் சில ஆண்டுகள் இதழியல் கற்பித்தேன். முதல்நாளே கணினிப் பிரிவு இளைஞர் ஒருவர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய துண்டொன்றைத் தந்தார்.

"சேர், இந்தக் கணினிக்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ. இசட் எண்டு ஒரு டிரைவ் தெரியும். அதுக்குள்ள வையுங்கோ. எந்த அறையில இருந்தும் எடுக்கலாம்."

கண்முன்னே இருப்பதுபோல் தோன்றினும் அந்தப் பெட்டகம் வேறொரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையொன்றில் இருந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து 1982இல் தொடங்கிய ஆண்ட்ரூ திட்டம் இத்தகைய வசதிக்கு வழிகாட்டிய முயற்சிகளுள் ஒன்று. வளாகத்தின் எந்தக் கணினியின் முன் அமர்ந்தாலும் நமது கோப்புகள் அங்கு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஒருமுறை பரீட்சை வினாத்தாளைத் தவறுதலாக அழித்துவிட்டேன். அந்த இளைஞர் முதல்நாள் இரவுப் பிரதியிலிருந்து பத்தே நிமிடங்களில் அதை மீட்டுத் தந்தார். அன்றிலிருந்து எனது நம்பிக்கை குருட்டு நம்பிக்கையாயிற்று.

அந்த நம்பிக்கையில்தான், ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர் ஒருவருடன் பல மாலைகள் உரையாடிப் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளையும் அங்கேயே வைத்தேன். தலைகீழாகத் தெரியும் எழுத்துகளை விரல்நுனியாலேயே அடையாளங்கண்டு கோத்த மனிதர் அவர். பதிவுகள் முடிந்த அடுத்த ஆண்டு காலமானார்.

எனது ஒப்பந்தமும் முடிந்தது. மாதங்கள் கழித்து அவரைப் பற்றி எழுத அமர்ந்தபோது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. கணக்கு மூடப்படும், கோப்புகள் நீக்கப்படும் என்று மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தனவாம். நான் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்ட பல்கலைக்கழக முகவரிக்கு அவை வந்திருந்தன. பிழை என்னுடையதே.

"இரவுப் பிரதி இருக்குமே தம்பி?" என்றேன்.

"அது கொஞ்ச நாளைக்குத்தான் சேர். சேர்வர் பழுதானால் மீட்கிறதுக்கு. ஆவணக்காப்பகம் இல்லை."

அந்த வேறுபாட்டை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 டிசெம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினிச் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் அளவிலான, ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம் கோப்புகள் அழிந்தன. பழைய பதிவேடுகளை மட்டும் அழிக்கவேண்டிய நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதால் மாற்றியமையே காரணம். அந்த நிரல் இயங்கியதோ பிரதியெடுக்கும் பணிக்காக! எமது நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்க மேகச் சேமிப்பகம் இணையத் தாக்குதலுக்கு இலக்கானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய பிரதிகள் இருக்கவில்லை.

என்னிடம் எஞ்சியது ஒரு சீ.ஆர். கொப்பி மட்டுமே. உரையாடல்களின்போது பழக்கதோஷத்தால் கிறுக்கிய ஆறு பக்கங்கள் அதிலுள்ளன. அவர் சொன்னவற்றுள் பாதியை அதிலிருந்து எழுதிவிடலாம். ஆனால் சொல்லிமுடித்துவிட்டு அவர் சிரிக்கும் சிரிப்பு அதில் இல்லை. ஒலிக்கோப்பின் பிரதியொன்றைத் தருவதாக அவருடைய மகளுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற இயலவில்லை.

பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பெட்டகம் நிறுவனத்துக்குரியது. நாம் அதில் குடியிருப்பவர்கள் மாத்திரமே. அறைச் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு முன்னரே உங்களுக்குரியதைப் பிரதியெடுத்து வீட்டுக்குக் கொண்டுசென்றுவிடுங்கள்.