பந்தல் நிழலில் ஒரு திருக்குடும்பம்

கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டிக்குச் செல்வோரை வரவேற்பவை திராட்சைப் பந்தல்களே. இவ்வட்டாரப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நற்கருணையின் அடையாளமான இக்கனியை ஐரோப்பிய ஓவியர் பலர் தேவபாலன் கரத்தில் வைத்தனர்.

ஆயினும், பந்தலடியில் கணவனும் மனைவியும் குலை அறுக்கக் காணுங்கால் நினைவில் எழுவது, முரில்லோ 1650-ஆம் ஆண்டளவில் தீட்டிய திருக்குடும்பமே. மாட்ரிட் நகரின் பிராடோ கலைக்கூடத்திலுள்ள அவ்வோவியத்தில் ஒளிவட்டம் எவருக்கும் இல்லை. பழைய படங்களில் கிழவராய் ஓரத்தில் ஒதுங்கிய சூசையப்பர், இங்கே இளமையோடு நடுநாயகமாய் அமர்ந்து பாலனை அணைத்திருக்கிறார். பாலன் கையில் சிறு பறவை. பாடுகளின் முன்குறிப்பு என்பர். எதிரே நாய்க்குட்டி. நூல் சுற்றும் தேவதாய் தலைநிமிர்ந்து நோக்குகிறார். கூலி நாளில் இத்தகைய கணம் எத்தனை இல்லங்களுக்கு வாய்க்கிறது? பின்னே தச்சுமேசை ஆளின்றி நிற்கிறது.