பையில அடங்குற கம்ப்யூட்டர்

போன மாசம் சென்னையில இருந்து ஒரு நண்பர் கேட்டார்: "நடுகல்லைப் படம் எடுக்க கேமரா போதாதாங்க? மடிக்கணினியையும் தூக்கிட்டு எதுக்குக் காடு மேடெல்லாம் அலையறீங்க?" நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குப் பதில் சொல்லணும்னா, ஒரு கல் காணாமப் போன கதையைச் சொல்லணும்.

எங்க தருமபுரி மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களை மறிச்சுச் செத்தவன், புலியோட மோதிச் செத்தவன், இப்படி ஊருக்காக உயிரை விட்டவங்களுக்கு நட்ட கல். தகடூரை ஆண்ட அதியமானுக்கே நடுகல் நட்டதை ஔவையார் புறநானூற்றுல பாடியிருக்காங்க. பழைய கல்லுகள்ல வட்டெழுத்து இருக்கும். ஆனா பல ஊருல ஜனங்களுக்கு அது கல்வெட்டு இல்லைங்க, வேடியப்பன் சாமி.

மூணு வருசம் முன்னாடி அரூர் பக்கம் ஓடைக்கரையில சாய்ஞ்சு கிடந்த ஒரு கல்லைப் படம் எடுத்தேன். கேமரா முதுகுல இருக்கிற 3 அங்குலத் திரையில பளிச்சுன்னு இருந்தது. திருப்தியா பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாத்தா மேல் ரெண்டு வரி கலங்கிக் கிடக்கு. கை ஆடியிருக்கு. சரி, அறுவடை முடியட்டும், மறுபடி போலாம்னு விட்டுட்டேன். நாலு மாசம் கழிச்சுப் போனா கல்லே இல்லை. பாலம் கட்டக் கரையை வெட்டினாங்களாம். எந்த மண்ணோட போச்சுன்னு யாருக்கும் தெரியல. வழக்கமா மேல் வரியிலதான் ராசா பேரும் ஆட்சியாண்டும் இருக்கும். அந்த ரெண்டு வரி போனது போனதுதான்.

அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனிமே கல்லுப் பக்கத்துலயே உக்காந்து படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டுத்தான் கிளம்பறதுன்னு.

வீட்டுல இருந்தது மக ப்ளஸ் டூ படிக்கிறப்போ வாங்கின அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச திட்டத்துல கிடைச்சது. அவ காலேஜ் முடிக்கிற வரைக்கும் உழைச்சுது, குறை சொல்ல மாட்டேன். ஆனா கனம். பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. உள்ளே சுத்தற தட்டு வெச்ச ஹார்ட் டிஸ்க். நம்ம மலைப்பாதை பஸ் குலுக்கலுக்கு அது ஆகாது.

அதனால சின்னதாத் தேடினேன். முதல்ல பழைய 10 அங்குல நெட்புக் ஒண்ணு காட்டினாங்க. 2007-ல ஏசுஸ் கம்பெனி ஈ பிசின்னு 7 அங்குலத்துல விட்டதுக்கு அப்புறம் பெருகின சாதி அது. கையில எடுத்தா நோட்டுப் புத்தகம் மாதிரி, ஆசையா இருந்தது. ஆனா திரையில 1024-க்கு 600 புள்ளிதான். என் கேமரா படம் 6000-க்கு 4000. முழு அளவுல விரிச்சா ஒரு சமயத்துல சுமாரா நாப்பதுல ஒரு பங்குதான் தெரியும். 1920-க்கு 1080 திரையில பன்னெண்டுல ஒரு பங்கு தெரியும். எழுத்து தேடறவனுக்கு இது பெரிய வித்தியாசம்.

விலை கம்மியான புதுசுகளும் இருந்தது. உள்ளே 64 ஜிபி, அதுல பாதிக்கு மேல விண்டோஸே புடிச்சுக்கும். நான் எடுக்கறது ரா படம், ஒண்ணு சுமார் 25 எம்பி. ஒரு நாளைக்கு 300 படம்னா ஏழரை ஜிபி. மூணு நாள்ல ரொம்பிடும். டேப்லெட்டும் பாத்தேன். மெமரி கார்டு போடத் தனியா ஒரு சாமான் வேணும்னாங்க. அதைக் காட்டுல தொலைச்சா கதை முடிஞ்சுது.

கடைசியா வாங்கினது ஒரு ஆபீஸ்ல ஓடிப் பழசான லெனோவா திங்க்பேட் எக்ஸ்250. பன்னெண்டரை அங்குலம், ஒண்ணரை கிலோவுக்குள்ள. சுத்தற தட்டு இல்லாத எஸ்எஸ்டி, கார்டு போடற துளை, முழு எச்டி ஐபிஎஸ் திரை. இதே மாடல்ல மட்டமான திரையும் வரும், சாய்ச்சுப் பாத்தா நிறம் மாறும். வாங்கறவங்க அதைப் பாத்து வாங்குங்க. உள்ளே ஒரு பேட்டரி, பின்னாடி கழட்டி மாட்டற பேட்டரி ஒண்ணு. அணைக்காமலே மாத்தலாம். படம் பாக்க டார்க்டேபிள், அது இலவசம்.

குறையும் உண்டு. செல்போன் பவர் பேங்க்ல சார்ஜ் ஏறாது. வெயில்ல திரை தெரியாது, தலையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத்தான் பாக்கறேன். ஆனாலும் சின்னது வேணும்னு ரொம்பச் சின்னதா வாங்கினா, ஏர் வாங்கப் போனவன் களைக்கொத்து வாங்கிட்டு வந்த கதைதான்.

படத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒரு பென் டிரைவ்லயும் போட்டு, அதைச் சட்டைப்பையில வெச்சுக்குவேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் கார்டை அழிக்கறதில்லை.

போன வாரம் பென்னாகரம் பக்கம் ஒரு வேடியப்பன். சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழுந்தாத்தான் வெட்டின எழுத்துல நிழல் தங்கும். உச்சி வெயில்ல எல்லாம் தட்டையாயிடும். அதனால நாலரை மணி வரைக்கும் காத்திருந்தேன். முதல் படத்தைப் புளியமரத்தடியில விரிச்சேன், கலங்கல். ரெண்டாவதும் சரியில்லை. மூணாவதுல எழுத்து தெளிஞ்சுது.

பூசை பண்ற ஆயா பக்கத்துல வந்து திரையைக் குனிஞ்சு பாத்தாங்க. "ஏஞ்சாமி, எங்க வேடியப்பன் இடுப்புல கத்தி இருக்குதா? இத்தனை வருசமா நாந்தான் எண்ணெய் ஊத்தறேன், இன்னைக்குத்தான் பாக்கறேன்" அப்படீன்னாங்க.

படத்தைப் பெரிய அளவுல போட்டுக் கொண்டாந்து தர்றேன்னு சொல்லியிருக்கேன். "அது கெடக்கட்டும், இங்க ரோடு போட வந்தா இதைக் காட்டி, எடுக்கக் கூடாதுன்னு சொல்லலாமா?"ன்னு கேட்டாங்க. சொல்லலாம் ஆயான்னேன்.

இந்த வாரம் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கேன்.