ஒத்துக்கொள்ளாத ஊர்

தறிச்சத்தத்தைப் பற்றி எழுதாத சோமனூர்க்காரர் குறைவு. எனக்கு நினைவில் நிற்பது பஞ்சு. தறிக்குடோனுக்குள் எதைத் தொட்டாலும் பஞ்சுதான். ட்யூப்லைட்டின் மேல், சிலந்தி வலையில், சாமி படத்து மாலையில், மோட்டார் பெல்ட்டின் மறைப்பில், தார் போடும் அக்காவின் புருவத்தில். நரைத்த புருவத்தோடு அவர் சிரித்தால் இருபது வயதிலேயே பேரன் எடுத்தவர் மாதிரி இருக்கும்.

மடித்து அடுக்கிய காடாத் துணியின் மேல் படுத்துத் தூங்கிய பிள்ளை நான். சைசிங்கில் பாவு நூலுக்கு ஏற்றுவார்களே, அந்தக் கிழங்கு மாவுக் கஞ்சியின் வாசம் துணியில் லேசாக மிச்சமிருக்கும். அதை முகர்ந்துகொண்டே தூங்கிப்போவேன். நடு இரவில் நெஞ்சுக்குள் விசில் ஊதும். அம்மிச்சி தூக்கி உட்கார வைத்து முதுகைத் தேய்ப்பார். "பஞ்சு ஒத்துக்கறதில்ல சாமிக்கு. இவன் தறி ஓட்ட மாட்டான், படிச்சு வெளியூர் போகட்டும்." அப்படித்தான் போனேன். வேலை தேடி ஊரை விட்டவர்கள் உண்டு, கடன் துரத்தி விட்டவர்கள் உண்டு. நான் மூச்சுக்காக விட்டவன்.

சென்னையில் தும்மல் நிற்காமல் ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போனேன். முன்கையில் பேனாவால் எண் எழுதி, எண்ணுக்கு ஒரு சொட்டு விட்டு, ஊசிமுனையால் மேல்தோலை மட்டும் குத்தினார்கள். கால் மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆகாத பொருள் விழுந்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும். உடம்பு அந்தப் பொருளை எதிரி என்று குறித்துவைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. பொருள் வந்து அதில் ஒட்டியதும் தோலடிச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பும் தடிப்பும் தும்மலும் அதன் வேலை. அமெரிக்காவில் இருந்த இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் 1960-களின் பிற்பாதியில் இந்தப் புரதத்தைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

தடித்தவற்றின் பெயர்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்தீனியம், எங்கள் ரயில்வே ஸ்டேஷன் ஓரம். வேலிக்காத்தான் மகரந்தம், பள்ளிக்கூடம் போகும் இட்டேரி. கரப்பான்பூச்சி, அம்மிச்சியின் சமையலறை அட்டாலி. கையை ஊர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தால் வழிகூடச் சொல்லியிருக்கலாம்.

பஞ்சுத்தூசிக்கு மட்டும் எதுவும் தடிக்கவில்லை! இத்தனை வருஷமாக யார் மேல் பழி போட்டோமோ அவர் நிரபராதியா என்று கேட்டேன். டாக்டர் அவசரப்படாதீர்கள் என்றார். ஊசிச் சோதனை ஐஜிஇ வழியாக வரும் ஒவ்வாமையை மட்டும்தான் பிடிக்கும். பஞ்சுத்தூசி நெஞ்சை இறுக்குவது பெரும்பாலும் வேறு வழியில். கண்ணுக்குத் தெரிந்து மிதக்கும் பஞ்சு இழை பெரிசு, மூக்கோடு நின்றுவிடும். உள்ளே இறங்குவது தெரியாத தூசி. பருத்திக்காயோடு வந்த இலைத்தூள், அதில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் நச்சு, தறியடியில் உதிரும் கஞ்சிமாவு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆக, நான் ஏங்கிய வெள்ளைப் பஞ்சு ஒரு பாவமும் அறியாதது. அதன் நிழலில் வந்தவன்தான் குற்றவாளி.

நூற்பாலையில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் தூசி இன்னும் அடர்த்தி. அங்கே வருஷக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குப் பிஸ்ஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் நெஞ்சு இறுகும், வாரம் போகப்போகத் தளரும் என்பது அதன் ஆரம்ப அடையாளம். முற்றினால் எல்லா நாளும் திங்கட்கிழமைதான். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிய குடோனில் கூலிக்கு நெய்கிறவரிடம் அந்தச் சட்டம் வந்து சேர்வதை நான் பார்த்ததில்லை. "திங்கட்கிழமை நெஞ்சக் கவ்வுது" என்று எங்கள் தெருவில் சொன்னவர்களை வேலைக்குக் கள்ளம் என்றுதான் கேலி செய்தோம்.

ஆடிக்காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வரும் காற்று சூலூர், பல்லடம் என்று வெறிபிடித்து அடிக்கும். துணி காயும், கூரைத் தகரம் பறக்கும், கண்ணில் மண் விழும். இன்றைக்கும் ஆனி, ஆடியில் எனக்கு அந்தக் காற்றுக்கு மனசு அலையும். ஆனால் மழை தொட்டதும் முளைத்துப் பூக்கிற பார்த்தீனியத்தின் தூளையும் அது சேர்த்துத்தான் கொண்டுவரும். 1950-களில் புனே பக்கம் தென்பட்ட அமெரிக்கச் செடி, இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். மூக்கோடு விடாது. காட்டுவேலை செய்பவர்களின் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்துப்போகும். அது ஊசிக்குத்தில் கால் மணி நேரத்தில் தெரியாது. முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டிய வேறொரு ஒவ்வாமை.

சோளத்தட்டு சுமந்தால் சொணை பிடித்து உடம்பெல்லாம் அரிக்கும். அதை ஒவ்வாமை என்று சொல்லக் கூடாது. சொணை ஆள் பார்க்காது, சுமந்தவனையெல்லாம் அரிக்கும். குளித்தால் போய்விடும். ஒவ்வாமைதான் ஒரே வீட்டில் அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியைப் பிடிக்கும்.

சென்னைக்கு ஓடிவந்து தப்பித்தேனா என்றால் அதுவும் இல்லை. என் கையிலேயே பெரிய தடிப்பு வீட்டுத்தூசி உண்ணிக்குத்தான். மெத்தையிலும் தலையணையிலும் நாம் உதிர்க்கும் தோல்செதிலைத் தின்று வாழ்வது; ஈரப்பதம்தான் அதற்கு உயிர். கடலோரம் அதற்குச் சொர்க்கம், எங்கள் ஊரின் வறண்ட காற்று அவ்வளவு தோதில்லை. விரிப்புகளை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவைக்கச் சொன்னார்கள். இலவம்பஞ்சு மெத்தையை வாரம் தவறாமல் மொட்டை வெயிலில் போட்டுத் தட்டிய அம்மிச்சிக்கு உண்ணியைத் தெரியாது.

மாட்டுத்தொழுவத்துத் தூசியில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஜெர்மனியின் பவேரியப் பண்ணைகளில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கட்டுத்தரையில் எருமை, மாடு, ஆட்டுக்குட்டி எல்லாம் இருந்தன. எனக்குப் பலிக்கவில்லை. ஆராய்ச்சி ஊரைப் பற்றிப் பேசும், ஆளைப் பற்றிப் பேசாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் முன்தினமே தடுப்பு இன்ஹேலர், குடோன் வாசலில் முகக்கவசம். "ஏனுங், நம்ம ஊட்டுக்குள்ள எதுக்குங் வாயக் கட்டிக்கிட்டு?" என்று அண்ணி கேட்பார். வெளியே நின்றே பார்த்துவிட்டுத் திரும்புவேன். 2022-இல் கூலி உயர்வு கேட்டு அந்த வட்டாரத்துத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அதற்குப் பிறகு அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. போன மாசம் போன் செய்தான். "தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. கிலோ கணக்குல எடை போட்டு ஏத்திட்டுப் போயிட்டாங்க. குடோனக் கழுவி உட்டாச்சு. இனி பஞ்சே கெடையாது, தைரியமா வா."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? குடோனை மக்காச்சோள மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டிருக்கிறானாம். அதன் தூசிக்குக் கை தடிக்குமா என்று தெரியவில்லை, என் பரிசோதனைத் தாளில் மக்காச்சோளம் இல்லை.