பாட்டும் பங்கும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குறிஞ்சிப்பிட்டியில் நாங்கள் ஓர் இசைக் காணொளி தயாரிக்க முற்பட்டதற்குக் கலையார்வம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. காகிதம் இல்லை என்பதும் ஒரு காரணம். அம்மாதத்தில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே காகிதப் பஞ்சத்தால் ஒத்திவைத்தார்கள். எங்கள் உயர்தர வகுப்பு மாணவரின் கையெழுத்துச் சஞ்சிகைக்குத் தாள் வாங்கச் சென்ற மாணவன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். “சேர், பேப்பர் வாங்குற காசுக்கு டேட்டா காட் போட்டா ஒரு பாட்டே எடுத்துடலாம்” என்றான். அவன் விளையாட்டாகச் சொன்னதை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கற்பிட்டிக் குடாநாட்டை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. மேற்கே கடல், கிழக்கே களப்பு. இடையில் ஒடுங்கிய மணற்பரப்பு. அந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறார்கள். கரையில் வலை இழுக்கிறார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்களுக்கு அயல். மூன்று அலகுகள், 900 மெகாவாட். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. ஆயினும் 2022 மார்ச் 31ஆம் நாள் நாடு முழுவதும் பதின்மூன்று மணிநேரம் இருளில் கிடந்தபோது எங்கள் ஊரும் இருளிலேயே கிடந்தது. அந்நியச் செலாவணி இல்லை, ஆகவே எண்ணெய் இல்லை, ஆகவே மின்சாரம் இல்லை. பொருளியல் பாடத்தை அவ்வாண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீசல் இல்லாமற்போனதில் வேறொன்றும் நிகழ்ந்தது. கரைவலையை மனிதர் கையால் இழுத்த காலம் போய், உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் உருளையைப் பூட்டி இழுக்கும் வழக்கம் எங்கள் கரையிலும் வந்து சில ஆண்டுகளாகியிருந்தன. இரு பக்கமும் அணிவகுத்து இழுத்தவர்களின் வேலையை இரண்டு இயந்திரங்களும் சிலரும் செய்து முடித்தார்கள். வேலை போனவர்களோடு அம்பாப் பாடலும் போயிற்று. அம்பா என்பது பொழுதுபோக்குக்காகப் பாடப்பட்டதன்று. ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, அந்தப் பதிலின் அழுத்தத்தில் எல்லாருடைய குதிகாலும் ஒரே கணத்தில் மணலில் ஊன்றும். இயந்திரத்துக்கு அந்த ஒருமைப்பாடு தேவையில்லை. டீசல் வற்றிய அந்த வாரங்களில், சோழகம் பிறக்குமுன் எஞ்சியிருந்த பருவத்தை இழக்க விரும்பாமல், சம்மாட்டிகள் மீண்டும் ஆள் கூப்பிட்டார்கள். ஒரு காலை கடற்கரைப் பக்கமிருந்து அம்பா கேட்டது. என் மாணவர் பலருக்கு அதுவே முதல் தடவை.

ஆக, பொருள் கிடைத்துவிட்டது. கருவி? பதினொரு மாணவருக்குள் உருப்படியான கைத்தொலைபேசிகள் மூன்று. ஒன்று, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பியது. இன்னொன்று என்னுடையது. மூன்றாவதும் சிறந்ததும் ஒரு சம்மாட்டியின் மகனுக்குச் சொந்தம். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உற்பத்திக் கருவி யாருடையது என்ற கேள்வி பின்னால் வருகிறது.

திட்டமிடுவதைத் தொலைபேசியிலேயே செய்தோம். எல்லாரும் திறந்து திருத்தக்கூடிய பொது அட்டவணை ஒன்றில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: எங்கே, எப்போது, வெயில் எந்தப் பக்கம், யார் பிடிப்பது, எத்தனை விநாடி. ஒரு மாணவி மணலில் விரலால் காட்சிகளை வரைந்து படமெடுத்து அந்த வரிகளோடு சேர்த்தாள். தாளில்லாத காலத்து ஓவியம்! மின்சாரம் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்பத் தொலைபேசிகளுக்கு மின்னேற்றும் முறையும் அதே அட்டவணையில் இடம்பெற்றது.

முன்னுரைப் பாடலை ஒரு மாணவி எழுதிப் பாடினாள். தன் முகம் வேண்டாம், குரல் போதும் என்றாள், நான் வாதிடவில்லை. பேண்ட்லாப் என்னும் இலவசச் செயலியில், மெத்தைகளைச் சுவரில் சாத்திய ஓர் அறைக்குள் அதைப் பதிவுசெய்தோம். கடற்கரைப் பதிவுதான் எங்களைத் திணறடித்தது. காற்று எல்லாவற்றையும் விழுங்கியது. ஒலிவாங்கித் துளையின்மேல் பருத்திக் காலுறையைச் சுற்றிய பிறகு குரல் ஓரளவு மீண்டது. மூன்று தொலைபேசிகளும் ஓடத் தொடங்கியதும் ஒருவன் ஓங்கிக் கைதட்டுவான். பின்னர் படத்தொகுப்பில் அந்தத் தட்டலின் கூர்முனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் மூன்று படங்களும் ஒரே கணத்துக்கு வந்துவிடும்.

ஆனால் தாளம் பொருந்த மறுத்தது. நிமிடத்துக்கு இத்தனை அடி என்று செயலி கேட்கிறது. அம்பாவோ மடி தூரத்திலிருக்கும்போது ஒரு நடை, கரையை நெருங்க நெருங்க வேறு நடை. இரண்டு இரவுகள் அதை நறுக்கிச் சமப்படுத்தப் பார்த்த மாணவன், இறுதியில் செயலியின் தாளக்கட்டையே அணைத்துவிட்டான். அவன் செய்த சிறந்த காரியம் அது என்பது என் எண்ணம்.

வேலைக்கு முன்பு அவர்களுக்கு இரண்டு காணொளிகளைக் காட்டியிருந்தேன். ஒன்று, கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு குறித்து 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடியது. மற்றது, எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி 2017இல் வெளிவந்த புறம்போக்குப் பாடல். ஒரு பாட்டால் நீதி கிடைக்குமா என்று மாணவர் கேட்டார்கள். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது 2001இல். 591 முன்னாள் தொழிலாளருக்கான உடன்பாடு வந்தது 2016இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் போராடியவர்கள் தொழிலாளர். பாட்டு கடைசி ஆண்டில் வந்து தோள்கொடுத்தது. இந்தக் கணக்கை நான் சொன்னபோது சிலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

முதல் தொகுப்பு நான்கு நிமிடம். உண்மையாகவே அழகாயிருந்தது. பொன்வெயில், வியர்வை மினுங்கும் முதுகுகள், துள்ளும் மீன். அதை வாடிக்கு எடுத்துச் சென்று அடியெடுத்துப் பாடிய முதியவரிடம் காட்டினோம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். மன்னார்க் கரையில் பழகிய பாட்டை இங்கே கொண்டுவந்தவர். முழுவதையும் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு மகன். பாட்ட எடுத்திருக்கீங்க. பங்க எடுக்கல்லியே.”

எனக்குச் சுருக்கென்றது. மீன் கரையேறியதோடு எங்கள் படம் முடிந்திருந்தது. அதன்பின் மணலில் நடக்கும் ஏலமும், செலவு கழித்தலும், வலைக்குரிய பெரும்பங்கு ஒதுங்கியபின் கயிறு பிடித்தவர்களின் கைக்கு வரும் சில தாள்களும் எங்கள் அட்டவணையில் ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை. இழந்த அம்பாவுக்காக உருகிய நான், உருளை வந்ததில் தோள்வலி நீங்கியவனும் உண்டு, அடுப்பு அணைந்தவனும் உண்டு என்பதை மாணவரிடம் பேசியிருக்கவில்லை. உழைப்பைத் தூரத்திலிருந்து ரசிக்கும் பழக்கம் ஆசிரியர்களாகிய நமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

பங்கு பிரிப்பதைப் படமெடுக்க வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். சம்மாட்டியின் மகன் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவன் வரவில்லை, தொலைபேசியும் வரவில்லை. படத்தின் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது. “அவன்ட போன், அவன்ட படம்” என்றான் ஒருவன் கசப்போடு. அவனிடம் போய்க் கேட்பதா, விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே ஒரு பாட்டுக்காக நான் நிற்கலாமா? போகாமலேயே இருந்தேன். அது சரியென்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் அவனே வந்தான். “எடுப்போம் சேர். வாப்பாட முகம் வேணாம். கைய மட்டும் எடுப்போம்” என்றான்.

அவனே எடுத்தான். நாற்பது விநாடி. பணத்தை எண்ணும் ஒரு சோடிக் கைகள். பின், வாங்கும் கைகள் ஒவ்வொன்றாக, கயிறு அறுத்த தழும்புகளோடு. இசை இல்லை, காற்றும் எண்ணும் குரலும் மட்டும். அந்த நாற்பது விநாடியை நீக்கினால் மேலும் பலர் பார்ப்பார்கள் என்று நண்பர் ஒருவர் பின்னர் யோசனை சொன்னார். மாணவர் நீக்கவில்லை. சில நூறு பேர் பார்த்தார்கள்.

டீசல் மீண்டும் வந்தது. அடுத்த பருவத்தில் உருளையும் கரைக்கு வந்துவிட்டது. முதியவர் ஒருநாள் என்னை நிறுத்தி, பாட்டைத் தம் பேரனின் தொலைபேசியில் போட்டுத் தரும்படி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். காதருகே பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரெனச் சிரித்தார்.

“இந்தா, இந்த இடத்துல ஒருத்தன் இழுக்காம சும்மா வாய மட்டும் அசைக்கிறான். கேட்டாத் தெரியுது” என்றார்.