செவர்லே உடம்பு, டீசல் இதயம்: கியூபாவின் கிழட்டு வண்டிகள்!

ஹவானா நகரின் சென்ட்ரல் பார்க் பக்கம் போனால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும். ரோஸ், வான நீலம், தக்காளிச் சிவப்பு என்று 1950-களின் அமெரிக்க கார்கள் பளபளவென வரிசைகட்டி நிற்கும். சுற்றுலாப் பயணிகள் ஏறுவார்கள். மலேகோன் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று வருவார்கள். படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

அதே ஊரின் சந்துகளுக்குள் வேறு காட்சி. வீட்டு வாசலில் கல் அடுக்கி அதன்மேல் தூக்கி நிறுத்திய ஒரு பழைய பிக்கப். பானெட் திறந்து கிடக்கும். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். இது பொழுதுபோக்கு இல்லை. அந்த வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

வண்டிகள் ஏன் நின்றுபோயின?

1950-களில் கியூபாவின் சாலைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க வண்டிகள். 1947-ல் புது வடிவத்தில் வந்த செவர்லே பிக்கப், 1953-ல் வந்த ஃபோர்டு எஃப்-100 போன்றவை விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் வலது கை.

1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. 1960 அக்டோபரில், உணவு, மருந்து தவிர மற்ற எல்லாவற்றின் ஏற்றுமதியையும் அமெரிக்கா நிறுத்தியது. 1962 பிப்ரவரியில் முழுத் தடை வந்துவிட்டது. வண்டிகள் கியூபாவில், அவற்றுக்கான உதிரி பாகங்கள் கடலுக்கு அந்தப் பக்கம்!

அப்புறம் சோவியத் நாட்டிலிருந்து லாடா, மாஸ்க்விச் கார்கள் வந்தன. ஆனால் அவை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2011 வரை, புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த வண்டிகளைத்தான் மக்கள் தங்களுக்குள் தாராளமாக வாங்கவும் விற்கவும் முடிந்தது. 2014-ல் அரசு புதுக் கார் விற்பனையைத் திறந்துவிட்டபோது, ஒரு பெஜோ 508 காரின் விலை சுமார் 2,62,000 டாலர். மாதம் சில பத்து டாலர் சம்பளம் வாங்கும் நாட்டில் அதை யார் வாங்குவது? எனவே தாத்தா வாங்கிய பிக்கப்பை அப்பா ஓட்டினார், அப்பாவிடமிருந்து மகன் வாங்கிக்கொண்டான்.

இதய மாற்று சிகிச்சை

பழைய செவர்லே பிக்கப்பில் இருந்தது ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். உழைப்பில் குறை வைக்காது. ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் மலிவான எண்ணெய் வரத்து வற்றிப்போனது. ஊரே சைக்கிளுக்கு மாறியது. வண்டி வைத்துப் பிழைத்தவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜின் வைப்பது.

சோவியத் லாரியின் இன்ஜின், ஜப்பானிய வேனின் இன்ஜின், விபத்தில் நொறுங்கிய காரின் இன்ஜின் என்று எது கிடைக்கிறதோ அது. சொல்வது எளிது. செய்யும்போதுதான் ஒன்றைத் தொட்டால் ஒன்பது வேலை வந்து நிற்கும்.

டீசல் இன்ஜின் கனமானது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளைப் பலப்படுத்த வேண்டும். இன்ஜினைத் தாங்க சேஸிஸில் புதிய பிடிகளை வெல்டிங் செய்ய வேண்டும். பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொள்வதானால், இரண்டையும் இணைக்க லேத் பட்டறையில் ஒரு தகடு கடைய வேண்டும். கியர்பாக்ஸையும் மாற்றிவிட்டால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்டின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அதில் ஒரு நூல் தப்பினாலும் வண்டி முழுக்க அதிரும்.

கரன்ட் விஷயம் இன்னொரு தலைவலி. அந்தக்கால செவர்லே பிக்கப்பில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. டீசல் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப அது போதாது. 12 வோல்ட்டுக்கு மாறினால் ஹெட்லைட் பல்பிலிருந்து ஹார்ன் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பிரேக்? வேறு காரின் டிஸ்க் பிரேக் கிடைத்தால் முன்சக்கரங்களுக்கு அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பழைய டிரம் பிரேக்கையே கடைந்து, தேய்த்து ஓட்ட வேண்டியதுதான்.

தச்சரும் மெக்கானிக்தான்

கரையோர ஊர்களில் வண்டியின் முதல் எதிரி உப்புக்காற்று. மட்கார்டும் கதவின் அடிப்பகுதியும் அரித்துப்போகும். புதுத் தகடு வாங்கக் கடை இல்லை. கிடைத்த தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டியே அந்தக் குண்டு மட்கார்டின் வளைவைக் கொண்டுவருகிறார்கள் டிங்கரிங் ஆட்கள். மேலே பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

செவர்லே பிக்கப்பில் ஒரு வசதி உண்டு. பின்பக்கத் தொட்டியின் தரை மரப்பலகையால் ஆனது. பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள் ஓடும். ஆகவே உளுத்துப்போனால் உள்ளூர்த் தச்சரே சரிசெய்துவிடலாம். நாட்டின் கிழக்கே சான்டியாகோ பக்கம் பழைய லாரிகளின் பின்னால் பெஞ்சு போட்டு, மேலே கூரை அமைத்து, பயணிகள் வண்டியாகவே ஆக்கிவிடுகிறார்கள். பஸ் வராத ஊர்களுக்கு இவைதான் பஸ்.

நகரத்தில் இப்படி ஓடும் பழைய அமெரிக்க கார்களுக்குச் செல்லப் பெயர் ‘அல்மெந்த்ரோன்’. பெரிய பாதாம் கொட்டை என்று அர்த்தம். அந்த உருண்டை வடிவத்துக்காக வந்த பெயர். ஒரே வழித்தடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு போகும் ஷேர் டாக்ஸிகள் இவை.

அசலா, வாழ்க்கையா?

அமெரிக்காவில் இதே பிக்கப்பை வீட்டு ஷெட்டில் வைத்துப் புதுப்பிப்பவர்கள் ஏராளம். கதவு ரப்பர் முதல் கண்ணாடி வரை புதிதாகத் தயாரித்து விற்கக் கம்பெனிகள் இருக்கின்றன. பார்சல் வரும், பூட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு வண்டிக்கு மதிப்பு.

அந்தக் கணக்கில் கியூபா வண்டி தோற்றுப்போகும். முகம் மட்டும் செவர்லே. இன்ஜின் ஒரு நாடு, கியர்பாக்ஸ் ஒரு நாடு, ஸ்டீயரிங் இன்னொரு நாடு. சேகரிப்பாளர் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் 70 வருஷமாக ஒருநாளும் ஓய்வு எடுக்காமல் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டிக்கு எந்தக் கணக்கில் மதிப்புப் போடுவது?

அந்தச் சோறுதான் இப்போது கேள்விக்குறி. கொரோனாவுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் பழையபடி வரவில்லை. 2024 மார்ச்சில் சாதாரண பெட்ரோல் ஒரு லிட்டர் 25 பெசோவிலிருந்து 132 பெசோவாக, அதாவது ஐந்து மடங்குக்கு மேல் எகிறியது. டீசலும் கூடவே ஏறியது. காசு இருந்தாலும் பங்குகளில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. வேலை தெரிந்த இளைஞர்கள் பலர் நாட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். தகட்டைத் தட்டி வளைவு எடுக்கும் கை, எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படாத வித்தை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். உட்கார ஆள் இல்லை என்றால் வித்தை அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும்.

கியூபா போகிறவர்கள் ஒருமுறையாவது சுற்றுலா கன்வெர்டிபிளை விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்கள் ஏறும் அல்மெந்த்ரோனில் போய்ப் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜின் கடகடவென்று பேசும். ஜன்னலை இறக்கும் கைப்பிடி சில வண்டிகளில் இருக்காது. டிரைவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். இறங்கும்போது அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: “கதவை மெதுவாகச் சாத்துங்கள்!”

கோபம் இல்லை அது. அந்தக் கதவின் கீல் உடைந்தால் புதுசு வாங்க 60 வருஷமாக அங்கே கடை இல்லை.