அருவிப் பாசியும் தாத்தாவின் ட்யூபும்

"ஏட்டி, பாறையில பாசி இருக்கு. பாத்துக் கால வை." குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் முதல் வார்த்தை இதுதான்.

போன ஜூலையில் அவருக்கு புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. கதீட்டர் ட்யூபும் யூரின் பேக்குமாகத் தென்காசி வீட்டுக்கு வந்தார். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்து, ட்யூபை மாற்றச் சொன்னார். மாற்ற வந்த சிஸ்டர் பழைய ட்யூபின் நுனியைக் காட்டினார். வழவழவென்று ஒரு படலம்.

"கிருமிங்க. பாசி மாதிரி ஒட்டிக்கும். பேக்கைக் கட்டில் மேல வெச்சீங்களாம்மா?"

வைத்தது நான்தான். யாராவது பார்க்க வந்தால் தாத்தா கூச்சப்படுவாரே என்று, பேக்கைத் தூக்கிப் போர்வைக்குள் மறைத்துவிடுவேன். பை மேலே போனால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும், கூடவே கிருமியும் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மொபைலில் தேடினேன். சிஸ்டர் சொன்னது வெறும் உவமை இல்லை! 1970-களில் கனடா விஞ்ஞானி பில் காஸ்டர்டன் மலை ஓடைகளை ஆராய்ந்தார். தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைவிட, பாறையில் வழுக்கலாக ஒட்டியிருப்பவையே மிக அதிகம் என்று கண்டார். அதே மாதிரிப் படலம்தான் ட்யூபிலும் படிகிறது. அதற்குள் பதுங்கிய கிருமியை மருந்து எளிதில் எட்டாது. அதனால்தான் ட்யூபையே மாற்றுகிறார்கள்.

ஒட்டவே விடாமல் செய்ய முடியாதா? அதற்கான முயற்சிகளில் ஒன்று பிளாஸ்மா பூச்சு. எரியும் ட்யூப் லைட்டுக்குள் இருக்கிறதே, மின்சாரம் பாய்ந்த வாயு, அதுதான் பிளாஸ்மா. மருத்துவக் குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டு, தேவையான வாயுவைக் கொஞ்சமாகச் செலுத்தி மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஒளிரும். வாயுவின் துணுக்குகள் உட்சுவரில் தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மெல்லிய பூச்சாகப் படியும். குழாய் உருகாது. சில பூச்சுகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தைத் தாண்டி ஒட்டக் கிருமி திணறும். ஆனால் நீளமான ஒல்லிக் குழாயில் முனைக்கு முனை சீராகப் பூசுவது பெரும்பாடு. நாளாக ஆக, சிறுநீரின் உப்பும் புரதமும் பூச்சையே மூடிவிடவும் கூடும்.

எந்தப் பூச்சு வந்தாலும் சில வேலைகள் நம்முடையவைதான். தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். ட்யூப் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்ச்சல் இறங்கியதும் தாத்தாவிடம் நடந்ததைச் சொல்லி அழுதுவிட்டேன். சிரித்தார். அதற்கப்புறம் யார் வந்தாலும் அவரே சத்தமாகக் கேட்பார்:

"ஏட்டி, பேக் கீழதான தொங்குது?"

வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள். தாத்தாவுக்குக் கூச்சமே இல்லை. கூச்சம் எனக்குத்தான் இருந்திருக்கிறது.