ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு படகு கார்!

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன், செய்வீங்களா? வீட்டு அலமாரியில, பட்டுப் புடவைக்கு அடியில, தாத்தா பாட்டியோட கல்யாண ஆல்பம் ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். அதை எடுங்க. மாப்பிள்ளை அழைப்பு படம் வர்ற வரைக்கும் புரட்டுங்க.

கோட்டு சூட்டு, கழுத்துல மாலை, சிரிக்கலாமா வேண்டாமான்னு தெரியாத முகம்... அவர்தான் உங்க தாத்தா! அவரைச் சுத்தி ஏழெட்டு வாண்டுகள். எல்லாரும் எதுல உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. கூரையில்லாத, முன்னாடி பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி கிரில் வச்ச, நீ...ளமான கார். அதிர்ஷ்டம் இருந்தா உங்க ஆல்பத்திலும் அது இருக்கும். ஊருல அதுக்குப் பேரு 'படகு கார்'. செவர்லே, பிளிமத், டாட்ஜ்னு பேர் எதுவா இருந்தாலும் நமக்கு எல்லாமே படகுதான்.

எவ்வளவு பெரிய படகு? 1959 மாடல் செவர்லே இம்பாலா 5.3 மீட்டருக்கும் மேல நீளம், 2 மீட்டர் அகலம். நம்ம மாருதி 800 வெறும் 3.3 மீட்டர்தான். அதாவது இம்பாலா மாருதியைவிட 2 மீட்டர் கூடுதல் நீளம்! 'கார்ஸ்' படம் பார்த்திருப்பீங்களே, அதுல அடிக்கடி கலர் மாத்திக்கிற ரமோன் இருக்காரே... அவர் சாட்சாத் இந்த 59 இம்பாலாதான்.

'அமெரிக்கா கார் கதையை அமெரிக்காவுல போய்ச் சொல்லுப்பா'ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. வேண்டாம் பாஸ், அவ்வளவு தூரம் போக வேண்டாம். கத்திப்பாராவுல ஏறி மறைமலை நகர்ல இறங்கினா போதும். முப்பது கிலோமீட்டர் சொச்சம். நீங்க தினமும் காலேஜ் போற அதே ஜி.எஸ்.டி. ரோடுதான். ஏறுங்க, ஜன்னல் சீட் உங்களுக்கு!

முதல் ஸ்டாப்: பல்லாவரம்

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா? பூச்செடியில ஆரம்பிச்சு புறா, பழைய டி.வி., ஒத்தக் கால் செருப்பு வரைக்கும் கிடைக்கிற இடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அங்கே கோணிப்பை மேல ஸ்பேனர், பல்சக்கரக் குப்பைக்கு நடுவுல ஒரு சின்ன உலோக பொம்மை பார்த்தேன். பாய்மரக் கப்பல்! துரு ஏறியும் ஒரு ஓரம் மட்டும் பளபளன்னு மின்னிச்சு.

பிளிமத் காரோட பானட் முனையில நிக்கிற பொம்மை அது. 1620-ல இங்கிலாந்தோட பிளிமத் துறைமுகத்துல இருந்து அமெரிக்காவுக்குப் போன 'மேஃப்ளவர்' கப்பல்தான் அந்தக் கம்பெனியோட சின்னம். ஆக, நம்ம ஆளுங்க 'படகு'ன்னு பேர் வச்சது சும்மா இல்லை!

"அமெரிக்கா ஐட்டம் தம்பி, எண்ணூறு ரூபா"ன்னார் கடைக்காரர். நான் முந்நூறுன்னேன். அவர் சிரிச்சுட்டுத் திரும்பிக்கிட்டார். சரி, அடுத்த வாரம் வந்து பேசிக்கலாம்னு கிளம்பிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனா கோணிப்பை இருந்தது, கப்பல் இல்லை.

அந்தக் கப்பல் பல்லாவரத்துக்கு எப்படி வந்தது? சுதந்திரம் கிடைச்ச காலத்துல அமெரிக்கக் கார்கள் நம்ம நாட்டுலயே பூட்டப்பட்டுச்சு. பம்பாய் குர்லாவுல வால்சந்த் ஹீராசந்தோட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனி லைசென்ஸ் வாங்கி டாட்ஜ், பிளிமத், டிசோட்டோன்னு மூணு பேர்ல கார் விட்டது. உள்ளே மூணும் கிட்டத்தட்ட ஒரே கார்! கிரில்லும் பேர்ப்பலகையும்தான் வேற. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1920-கள்லயே இங்கே கடை போட்டவங்க. 'இங்கேயே பாகங்களைத் தயாரிக்கிற திட்டம் இருந்தா இருங்க, சும்மா பூட்டி விற்கிறதா இருந்தா கிளம்புங்க'ன்னு 1950-களின் தொடக்கத்துல அரசாங்கம் கறாராச் சொன்னதும் ரெண்டு பேரும் மூட்டை கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் புதுப் படகு வர்றது அபூர்வம். இருக்கிறதை வச்சு ஓட்டியாகணும்.

ரெண்டாவது ஸ்டாப்: குரோம்பேட்டை

'குரோம்'னு பேர்லயே இருக்கே, கார் பம்பருக்கு பாலிஷ் போட்ட ஊரான்னு நினைச்சுடாதீங்க. நானும் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் நினைச்சேன்! 1912-ல சேம்பர்ஸ்ங்கிறவர் ஆரம்பிச்ச குரோம் லெதர் தொழிற்சாலையால வந்த பேரு இது. தோலைப் பதப்படுத்துற குரோமியம் உப்புதான் அந்த 'குரோம்'.

ஆனா காருக்கும் இந்த ஊருக்கும் வேற சொந்தம் உண்டு. 1949-ல சி.ராஜம் இங்கே எம்.ஐ.டி.யை ஆரம்பிச்சப்ப, முதல்லயே வச்ச பாடங்கள்ல ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங்கும் ஒண்ணு. நாட்டுல காரை முழுசாச் செய்யவே தொடங்காத காலத்துல, காரைப் படிக்க ஒரு டிபார்ட்மென்ட்! அப்துல் கலாம் படிச்ச காலேஜ்னு மட்டும் சொல்லிட்டுப் போற நண்பர்களே, இதையும் சேர்த்துச் சொல்லுங்க.

மூணாவது ஸ்டாப்: தாம்பரம்

இது நம்ம ஏரியா! பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு 1931-லயே மின்சார ரயில் வந்துடுச்சு. ஊரே ரயில்லதான் போச்சு, வந்துச்சு. கார்ங்கிறது யாரோ ஒருத்தர் வீட்டு சமாச்சாரம். மில் முதலாளி, சினிமாக்காரர், ஜமீன் வாரிசு... இவங்க ஓட்டி முடிச்ச படகுதான் கை மாறி, கை மாறி, கடைசியில எங்க தாத்தாவோட மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து நிக்கும்.

மேற்குத் தாம்பரத்துல, ஓலைக் கொட்டகை போட்ட ஷெட். தாத்தா எட்டாவதைத் தாண்டாதவர். மீதியைப் பெரியப்பா வாயால கேளுங்க:

"டேய், அந்த பானட்டைத் திறந்தா ரெண்டு பேர் உள்ள இறங்கி நின்னு வேலை பார்க்கலாம்டா. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் குடுத்தா அன்னிக்கு ஓனருக்கு தீபாவளி! அரபு நாட்டுக்காரன் பெட்ரோல் விலையை ஏத்தினான் பாரு, ஒவ்வொருத்தரா வண்டியைக் கொண்டாந்து விட்டுட்டு, 'இதுக்கு ஏதாச்சும் வழி பண்ணுங்க மேஸ்திரி'ன்னு நின்னாங்க."

பெரியப்பா சொல்றது 1973. அந்த ஒரு குளிர்காலத்துல கச்சா எண்ணெய் விலை சுமார் நாலு மடங்கு ஏறிச்சு. அமெரிக்காவே ஆடிப்போய், ஜெனரல் மோட்டார்ஸ் 1977-ல தன்னோட பெரிய கார்களை வெட்டிச் சுருக்கிச்சு. தாம்பரத்துல தாத்தா என்ன செஞ்சார்? இன்ஜினையே கழட்டிட்டார்!

வடசென்னை செம்பியத்துல சிம்ப்சன் கம்பெனி 1950-கள்ல இருந்து பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செஞ்சிட்டிருந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் போற இன்ஜின். பழசு ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்து பிளிமத் வயித்துக்குள்ள உட்கார வைக்கிறதுதான் வேலை. மவுன்டிங் சேராது. லேத் பட்டறையில சொல்லிச் செய்யணும். கியர் பாக்ஸோட இணையாது. அதுக்கு நடுவுல ஒரு தகடு கடைஞ்சு போடணும். டீசல் எடை கூடுதல், அதனால முன்னாடி ஸ்பிரிங்கை மாத்தணும். வரைபடம் கிடையாது. தாத்தா சாக்பீஸால தரையில போட்ட கோடுதான் டிசைன்!

வெளியே டெட்ராய்ட், உள்ளே செம்பியம். ஸ்டார்ட் பண்ணா லாரி சத்தம். ஆனா ஓடிச்சு. இந்தியா முழுக்க எத்தனையோ ஷெட்டுல இதேபோல டீசலுக்கு மாறித்தான் அந்தக் கார்கள் பல வருஷம் உயிர் பிழைச்சது.

பிழைச்ச வண்டி எங்கே போச்சு? முகூர்த்தத்துக்கு! ஒரு பிளிமத்தோட கூரையை ஹேக்ஸா பிளேடால அறுத்து, ஓரத்தை மடிச்சு, டிங்கரிங் பண்ணி, பட்டி பார்த்து, வெள்ளை பெயின்ட் அடிச்சு ஜானவாசக் கார் ஆக்கினாராம் தாத்தா. முன்னாடி நாதஸ்வரம், ரெண்டு பக்கமும் தலையில காஸ் லைட் தூக்கினவங்க, நடுவுல நடந்து போற வேகத்துல படகு. கிளார்க், வாத்தியார், ரயில்வே கலாசின்னு வாழ்க்கையில கார் வாங்கவே போகாத எத்தனையோ பேர் ஒரு சாயங்காலம் மட்டும் அதுல ராஜா மாதிரி உட்கார்ந்தாங்க. மறுநாள் காலையில தாலி கட்டிட்டு, மூணாம் நாள் மறுபடி எலெக்ட்ரிக் ட்ரெயின்!

ஏக்கம்னு வந்துட்டா பொய்யும் கூடவே வரும், அதனால உண்மையையும் சொல்லிடறேன். அந்தக் கார்ல சீட் பெல்ட் கிடையாது. பிரேக் அடிச்சா நிக்கிறதுக்குள்ள சாமி கும்பிட்டு முடிச்சிடலாம். புகை தனி. இன்னிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்ல அதை ஓட்டினா, பின்னாடி வர்றவங்க திட்டுறதுலயே நமக்குக் காது போயிடும்.

நாலாவது ஸ்டாப்: பெருங்களத்தூர்

இடது, வலதுன்னு கண்ணாடிக் கட்டடம். உங்க சீனியர் யாராவது இங்கே ஐ.டி. வேலைக்கு வந்திருப்பாங்க. அந்த வளாகம் இருக்கிற பக்கம்தான் ஒரு காலத்துல ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரி. வண்டலூர் ஃபேக்டரின்னும் சொல்வாங்க. 1950 வாக்குல இங்கே பூட்டப்பட்ட முதல் கார், ஸ்டாண்டர்டு வேன்கார்டு.

வேன்கார்டு இங்கிலீஷ் கார். ஆனா அதோட முகத்தைப் பார்த்தா? அதுக்குப் பின்னாடி ஒரு ஜாலியான கதை உண்டு. டிசைனர் வால்டர் பெல்குரோவை முதலாளி சர் ஜான் பிளாக் லண்டன்ல இருக்கிற அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகச் சொன்னாராம். வாசல்ல நிக்கிற அமெரிக்கக் கார்களைப் பார்த்து வரைஞ்சுட்டு வர்றதுக்கு! அங்கே நின்னது பிளிமத்துகள். அந்த உருண்டை முதுகைச் சுருக்கி, நாலேகால் மீட்டருக்குள்ள அடக்கினதுதான் வேன்கார்டு. ஆக, அமெரிக்கப் படகோட குட்டித் தம்பி நம்ம பெருங்களத்தூர்ல கரை ஏறிச்சு!

அப்புறம் ஹெரால்டு வந்தது, கசெல் வந்தது. 1985-ல ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பார்க்க சும்மா ஜம்முனு இருக்கும், ரோவர் காரோட உடம்பு. இன்ஜின்? அந்தப் பழைய வேன்கார்டு இன்ஜினைத்தான் தட்டிக்கொட்டி வச்சிருந்தாங்க. எங்க தாத்தா ஷெட்டுல செஞ்ச அதே வித்தை! ஆனா அப்போ மாருதி வந்தாச்சு. 1980-களோட கடைசியில ஃபேக்டரி ஓட்டம் நின்னுபோச்சு.

கடைசி ஸ்டாப்: மறைமலை நகர்

1950-கள்ல மூட்டை கட்டின ஃபோர்டு, 1995-ல மஹிந்திராவோட கை கோத்துத் திரும்ப வந்தது. 1999-ல மறைமலை நகர்ல இருந்து ஐகான் உருண்டு வந்தப்ப, அமெரிக்கக் கார் கடைசியா நம்ம ரோடு அளவுக்கு வந்துடுச்சுன்னு எல்லாருக்கும் குஷி. படகு இல்லை, மிடில் கிளாஸ் கார். 2021 செப்டம்பர்ல, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப்போறோம்னு ஃபோர்டு அறிவிச்சது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவாங்கன்னு கம்பெனியே சொன்னது. 2022-ல கடைசி இகோஸ்போர்ட் வெளியே வந்தது. 2025 அக்டோபர்ல, 3,250 கோடி ரூபாய் முதலீட்டுல இங்கே இன்ஜின் தயாரிக்கப்போறதா தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க. 2029-ல உற்பத்தியாம். பார்ப்போம்!

ரூட் முடிஞ்சது. இறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம்.

பளபளக்கிற படகு காருக்கு ஒண்ணும் ஆகலை. கோயமுத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துல பழைய கார்கள் துடைச்சு வச்சபடி நிக்குது. வடபழனியில ஏ.வி.எம். 2023-ல திறந்த ஹெரிடேஜ் மியூசியத்துலயும் பார்க்கலாம். வருஷா வருஷம் பழைய கார் ஊர்வலமும் நடக்குது. போய் செல்ஃபி எடுத்துக்கலாம். ஆனா அங்கே நிக்கிறது பெரும்பாலும் ஒரிஜினல் இன்ஜின், ஒரிஜினல் பெயின்ட். கூரையை அறுத்த பிளிமத்தும், டீசல் குடிச்ச டாட்ஜும் எந்த மியூசியத்துக்கும் போகலை. அதெல்லாம் புதுப்பேட்டையில கிலோ கணக்குல போயிடுச்சு. நம்ம ஊர் நிஜமாவே ஓட்டின அமெரிக்கக் கார் அதுதானே?

அதைச் செஞ்ச கைகளும் போயிட்டிருக்கு. அந்தத் தகட்டை எந்த அளவுல கடைஞ்சாங்கன்னு பெரியப்பாவுக்கும் தெரியலை. "தாத்தா சொல்லுவார், நாங்க பிடிச்சுக்குவோம்" என்கிறார். தாத்தா போனப்ப நான் ப்ளஸ் டூ. அவர்கிட்ட நான் கடைசியா கேட்டது, பைக் வாங்கித் தருவீங்களான்னுதான். சாக்பீஸ் கோடு பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோணிப்பை மேல இருந்த கப்பல் மாதிரிதான்... அடுத்த வாரம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்.

உங்க தெருவுலயும் ஒரு பழைய மெக்கானிக் இருப்பார். பெருங்களத்தூர் ஃபேக்டரியில ஷிஃப்ட் பார்த்தவர் பக்கத்து வீட்டுல பேப்பர் படிச்சிட்டு இருப்பார். ஃபோர்டுல லைன்ல நின்ன அண்ணன் உங்க நண்பனோட அண்ணனாவே இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு டீ சொல்லுங்க. செல்போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, "அண்ணே, அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிச்சு விடுங்க.

அப்படியே அந்த கல்யாண ஆல்பத்தையும் பாட்டி மடியில வச்சுக் கேளுங்க, அந்தக் கார் யார் வீட்டு காருன்னு. அவங்க முகத்துல ஒரு வெட்கம் வரும் பாருங்க... அதுக்கு எந்த இம்பாலாவும் ஈடில்லை பாஸ்!